கயிறு தெரிந்த மாலை

மாலை ஏழு பத்துக்குக் கண்கட்டை அவிழ்த்தேன். முதலில் தெரிந்தது, மீன்பிடித் துறைமுக இறங்குதளத்தில் குறுக்கே கிடந்த தடித்த நைலான் கயிறு.

சாதாரணமாக அந்த இருட்டில் அது எனக்குத் தெரிந்திருக்காது. பிறவியிலேயே என் கண் அப்படி. வெளிச்சம் பட்டதும் விழித்திரைச் செல்லில் ரோடாப்சின் என்ற புரதம் செய்தியைக் கிளப்பும். அதை நிறுத்த, ஒரு நொதி அந்தப் புரதத்தின் வாலில் பாஸ்பேட்டை ஒட்ட வேண்டும். ஒட்டினால்தான் இன்னொரு புரதம் வந்து அதை அடக்கும். ஒட்டுகிற நொதி என்னிடம் வேலை செய்யாது. பகல் வெளிச்சம் பட்ட கண், இருட்டிய பிறகும் பகலுக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் மூடி வைத்தால் அடங்கும். அடுத்த வெளிச்சம் விழும்வரை எல்லோரையும் போலத் தெரியும். மதுரையில் கண் மருத்துவர் விளக்கியது இது.

எங்கள் நாளிதழின் புகைப்படக்காரனிடம் நான் இதைச் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து மாலை வேலைகளில் என் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பான். "அண்ணாச்சி, அங்கன தூண் இருக்கு, கும்பிட்டுட்டு வாங்க" என்பான். ஒருநாள் ஐஸ் பெட்டியில் மோதி என் முன்பல் போனது. அடுத்த வாரம், நான் எழுதிவந்த துறைமுகச் செய்திகளை இனித் தானே எழுதுவதாக ஆசிரியரிடம் சொன்னான். இருட்டில் எனக்குக் கண் தெரியாதாம்.

துறைமுகத்தில் விளக்குகள் எரியாததைப் பற்றிய செய்திக்கு மூவரும் போவோம், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார் ஆசிரியர். நான் நண்பகலிலேயே கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்தேன். ஆட்டோவிலும் அவிழ்க்கவில்லை. அவர்கள் இருவரும் அலுவலகக் குழல்விளக்கின் அடியிலிருந்து, இருட்டுக்குப் பழகாத கண்ணோடு நேராக வந்தார்கள்.

"கண்ணு தெரியுதாவே?" என்றார் ஆசிரியர்.

"தெரியுது. மூணாவது போட்டுல ஒருத்தர் வலைய மடிக்காரு."

"அண்ணாச்சி கதை விடுதாரு," என்று சிரித்தான் புகைப்படக்காரன்.

"யாருலே அது?" என்று மூன்றாவது படகிலிருந்து குரல் வந்தது.

அவன் கேமராவை உயர்த்துவான் என்று தெரியும். உயர்த்தியதும் கடல் பக்கம் திரும்பிக் கண்ணைப் பொத்திக்கொண்டேன். ஃபிளாஷ் அடித்துவிட்டு, கேமராத் திரையைப் பார்த்தபடியே முன்னால் நடந்தான். கயிறு அவனுக்கு நாலடி முன்னால் கிடந்தது. பல் போன இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு பார்த்து நின்றேன்.

விழுந்தவன் கீழே கிடந்தபடியே, "கயிறு கெடக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அண்ணாச்சி?" என்றான்.

"இருட்டுல எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நீதானே சொன்ன."

மறுநாள் துறைமுகச் செய்தி என் பெயரில் வந்தது. படம் இல்லை.