ஆல்டர் மரமும் அவளுடைய தமிழும்

எழுபதுகளின் தொடக்கத்தில் மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருந்தவள் நாகா மலைக்காரி. கோயம்புத்தூரில் மூன்று வருடம் படித்தவள் என்பதால் என்னோடு கொங்குத் தமிழில்தான் பேசுவாள்.

பொங்கலன்று செயின்ட் லோரன்ட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவளை அழைத்தேன். தன் ஊர் வயல்களின் ஸ்லைடுகளைக் கொண்டுவரச் சொன்னதும் நான்தான். வந்திருந்தவர்கள் என் கணவரின் நண்பர்கள், டாக்டர்கள், எஞ்சினியர்கள். சாப்பாடு முடிந்ததும் சுவரில் படம் விழுந்தது. மலைச்சரிவில் மிளகாயும் தினையும். நடுநடுவே ஆள் உயரத்தில் தலை வெட்டப்பட்ட ஆல்டர் மரங்கள். வெட்டிய இடம் பிளக்காமலிருக்கச் சேறு பூசி, மேலே கல் வைப்பார்களாம். இரண்டு வருடம் பயிர், பிறகு நிலத்தை மரங்களுக்கே விட்டுவிடுவார்களாம். அவள் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம் தமிழில், சத்தமாகவே சொன்னார்: "காட்டைக் கொளுத்தறவா. அது போகட்டும், நாயைத் திம்பாளாமே, கேளுங்கோ."

நாலைந்து பேர் சிரித்தார்கள். "சார், அவளுக்குத் தமிழ்..." என்று நான் எழுந்தேன். அதற்குள் அவளே திரும்பினாள்.

"கொளுத்தறது வெட்டுன கிளையைத்தானுங்க. மரத்தைக் கொல்லமாட்டோம். எங்க தாத்தா காலத்து மரமெல்லாம் இன்னும் துளிர்க்குதுங்க."

அந்த டாக்டர் மன்னிப்புக் கேட்பார் என்று நம்பினேன். அவரோ, "பலே! என்னமா தமிழ் பேசறா!" என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள், என் கணவர் உட்பட. இன்னொரு வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். மரத்தைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அவள் மீதிப் படங்களையும் ஆங்கிலத்திலேயே காட்டி முடித்தாள்.

பஸ் நிறுத்தம் வரை பனியில் கூடப் போனேன். "என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

"நீங்க ஏனுங்க்கா கேக்கறீங்க? கேக்க வேண்டியவங்க உள்ள பாயசம் குடிச்சிட்டிருக்காங்க."

படிப்பு முடிந்து ஊர் திரும்பும்வரை தினமும் என்னோடுதான் மதியம் சாப்பிட்டாள். ஊர்க்கதை, ஆல்டர் வேர், அண்ணன் கல்யாணம் என்று எல்லாம் சொன்னாள். ஆனால் ஒரு வார்த்தைகூடத் தமிழில் இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?