கண்ணாடி வைத்துப் பிடிக்கும் படம்

நவீனம் என்றால் என்ன என்று ஒரு கட்டுரை எழுதினேன். கலை, இலக்கியம், மதம் என மூன்று பகுதிகள். மைசூரில் எங்கள் வாசகர் வட்டம் ஞாயிறு மாலைகளில் கூடும். அங்கே வாசிப்பதற்காக எழுதியது. அதன் திருத்தப் பிரதிகள் மூன்றும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. என் மகளின் முகம் உள்ள படம் ஒன்றுகூட இல்லை.

அந்த வருஷ நவராத்திரியில் அவளுக்கு ஆறு வயது. சரஸ்வதி பூஜையன்று என் மனைவி காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து, மல்லிகை மொக்குகளை வாழைப்பட்டையில் தைத்து, பத்தரைக்குப் பூச்சடை பின்னி முடித்தாள். அப்படிப் பின்னிய பெண்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போவது ஊர் வழக்கம். முதுகைக் காட்டி நிறுத்தி, எதிரே பெரிய கண்ணாடி வைத்துப் படம் பிடிப்பார்கள். சடை நேராகத் தெரியும், முகம் கண்ணாடியில் தெரியும்.

"பூ வாடறதுக்குள்ள போயிட்டு வந்துடலாமே," என்றாள் மனைவி.

நான் மறுத்தேன். ஸ்டூடியோவில் தொங்கும் திரை எனக்குப் பிடிக்காது. ஏரி, அன்னம், அரண்மனைத் தூண்கள். அந்தப் பொய்க்கு நடுவே என் மகளை நிறுத்த மாட்டேன் என்றேன். என் தம்பி வங்காளம் போய் ஓவியம் படித்து வந்தவன். "நீ வரைஞ்சு கொடுடா," என்றேன் அவனிடம்.

"ஆகட்டும் அண்ணா. ஆனா இவ ஒரு நாழி ஆடாம உட்காரணுமே."

அவள் உட்காரவில்லை. கொலுவுக்கும் வாசலுக்குமாக ஓடினாள். "கொலுவுல ஒரு குரங்கு குறைஞ்சுது, வந்துடுத்து," என்று சிரித்தபடி தம்பி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் பூ பழுத்துவிட்டது.

கார்த்திகையில் விஷக்காய்ச்சல் வந்தது. பதினேழு நாள். காலை, பகல், மாலை மூன்று வேளையும் உஷ்ணமானி காட்டிய அளவை டைரியில் குறித்தேன். மருந்து கொடுத்த நேரம், இறங்கிய கஞ்சி, எல்லாம் குறித்தேன். பதினெட்டாம் நாள் பக்கத்தில் ஒரே ஒரு வரி.

காரியங்கள் முடிந்த பிறகு மனைவி கேட்டது ஒன்றுதான்.

"கண்ணை மூடினா அவ மூக்கு வரது, வாய் வரது, சேர்ந்து முகமா வரமாட்டேங்கறது. நீங்கதான் எல்லாத்தையும் எழுதுவேளே. அவ எப்படி இருந்தான்னு எங்கயாவது எழுதியிருந்தா வாசியுங்கோ."

ஆறு வருஷத்து டைரிகளையும் புரட்டினேன். முதல் பல் விழுந்த நாள் இருந்தது. அம்மை குத்திய நாள் இருந்தது. உயரம் இருந்தது. முகம் இல்லை.

தம்பி நாற்பது நாள் கழித்துப் படம் கொண்டுவந்தான். ஓடும் குழந்தையின் முதுகு. பச்சையும் காவியும் கலங்கிய நிறங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு சடை. அவன் வரைந்தவற்றில் அதுவே மேலானது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மனைவி வெகுநேரம் பார்த்தாள். "இவளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லேன்," என்றாள் அவனிடம்.

"முகம் வரைஞ்சா வேற யாரோவா ஆயிடறது மன்னி. நாலு தடவை கிழிச்சுட்டேன். எனக்கு நிக்கறது இதுதான்."

அப்போது நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். கலை சாயலைக் காட்ட வேண்டியதில்லை, பார்த்தவன் மனத்தைக் காட்டினால் போதும் என்றேன். அது என் கட்டுரையின் முதல் பகுதியில் உள்ள வாக்கியம்.

"மூணாம் பகுதியையும் எனக்கு வாசிச்சுக் காட்டினேள்," என்றாள். குரல் உயரவில்லை. "பெருமாளுக்கு உருவம் எதுக்கு, முகம் எதுக்குன்னு. சரி, அவருக்கு வேண்டாம். முகம் இல்லாட்டாலும் அவர் நாளைக்கும் இருப்பார். இவ?"

தம்பி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை வாசித்தேன். ஒத்திப்போட்டிருக்கலாம், பெயர் கொடுத்தாகிவிட்டது என்று போனேன். மதத்தைப் பற்றிய பகுதிக்குக் கை தட்டினார்கள்.

ஆறேகாலுக்கு வீடு திரும்பினேன். கூடத்துக் கண்ணாடி ஆணியில் இல்லை. அதைக் கழற்றி, ஸ்டூடியோவில் வைப்பதுபோல், படத்துக்கு எதிரே சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இதுலயும் முதுகுதான்," என்றாள்.

நான் கண்ணாடியை எடுத்து ஆணியில் மாட்டினேன். சற்றுச் சாய்ந்திருந்தது. நேராக்கினேன்.