குழாய் இல்லாத லயம்

இன்று குருவிட்ட ஊருக்குப் போகும் பஸ்ஸில், தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வரிசையிலேயே இருக்கும் செல்வி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொழுந்து பறிப்பவர்.

"கொழும்புல என்னம்மா வேலை பாக்குற?"

சாக்கடைக் குழாய்க்குள் ஒரு வைரஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறேன், அதை வைத்துக் கழிவுநீரைச் சோதித்தால் ஆஸ்பத்திரி நிரம்பும் முன்பே நோய் வருவது தெரிந்துவிடும் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

அக்கா நிமிர்ந்தார். "அப்ப நம்ம லயத்துலயும் பாரேன்மா. போன மாசம் புள்ளைங்க பூராவும் வயித்தோட்டத்துல கெடந்துச்சுங்க."

"குழாய் இருந்தாத்தான்க்கா கணக்கு வரும். நம்ம கக்கூஸ் எல்லாம் குழிதானே."

"மழை பேஞ்சா அதுவும் ஓடைக்குப் போயிருது."

அந்த ஓடையில்தான் குளிக்கிறோம்.

பேச்சை மாற்றப் பார்த்தேன். "நோய் பரவினா காலையில பெரட்டுல தெரிஞ்சிரும்லக்கா? வேலைக்குப் பேர் கூப்பிடறப்ப ஆள் குறையும்ல?"

"வராட்டி அன்னைக்குச் சம்பளம் இல்லியே, காய்ச்சலோடதான வந்து நிக்கிறோம். எங்க குறையும்?"



திங்கட்கிழமை மறுபடி கொழும்புச் சாக்கடைக்குப் போகிறேன். எங்கள் ஓடையை யார் சோதிப்பார்கள் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவசரமில்லை. என்ன நோய் வந்தாலும் பெரட்டில் ஆள் குறையாது.