ஒன்பது மீட்டர் குழாய்

மல்சூனும் மகள் இன்ஜுவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஜெச்சோன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக எழுந்த அடுக்குமாடியில் ஒரு வீட்டுத் தரையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றியது. பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜு வால்வுகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். மல்சூன் காலுறையைக் கழற்றிவிட்டு, அறை அறையாக வெறுங்காலோடு நடந்தாள். எழுபத்து நான்கு வயதிலும் சூட்டைச் சோதிக்க அவளுக்கு அதுதான் வழி.

"மூணாவது லைன்ல இன்னும் காத்து இருக்குடி."

"மீட்டர் சரியாத்தானேம்மா காட்டுது?"

"அதுக்கென்ன, சுவத்துல சொகமா தொங்கிட்டிருக்கு. நடக்கறது நானு."

இன்ஜு மூன்றாவது வால்வைத் திறந்தாள். குழாய் இருமியது, துப்பியது, பிறகு ஒழுங்காக நீர் விட்டது.

"இப்பச் சொல்லு, நம்மள்ல யாரு இன்ஜினியர்?"

"நீதான் தாயே."

"இருபத்தி நாலாம் தேதி கம்பெனிக்கு லீவு போட்டு வா. தரை உடைக்கற மெஷினையும் எடுத்துட்டு வா."

"எங்க?"

"வா, சொல்றேன்."

மூன்றாம் நாள் காலை, தன் குழாய்க் கடையில் பெட்டியைத் தூக்கக் குனிந்த மல்சூன் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஊரில் நானூறு வீடுகளுக்குத் தரை போட்டவளின் உடம்பில் ஒரு குழாய், ஒரு நிமிடம். இன்ஜு அழவில்லை. அழ நேரம் ஒதுக்கவில்லை என்பது இன்னும் சரி.

துக்க மண்டபத்தில் இரண்டாம் நாள் மதியம் பெரியப்பா தல்சூ வந்தார். எண்பத்து மூன்று வயது. பேத்தி சேரின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. அவர் மல்சூனின் படத்துக்கு முன்னால் குனிந்து எழுந்து, இன்ஜுவுக்கு எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் உள்ளங்கை தானாகத் தரையைத் தடவிப் பார்த்தது. இருபத்தேழு வருடப் பழக்கம் அது.

இன்ஜு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது அப்பா சுரங்கத்தில் செத்தார். அம்மாவையும் அவளையும் மூன்று வயதுத் தம்பி ஹோசிக்கையும் தல்சூ தன் பெரிய வீட்டின் வெளியறையில் தங்கவைத்தார். பழைய வீடு. தரைக்கடியில் கல் பாவிய புகைவழி. அடுப்பில் நிலக்கரிக் கட்டி எரியும், அந்தச் சூடும் நச்சுப் புகையும் கல்லுக்கடியில் ஓடி மறுபக்கப் புகைபோக்கியில் ஏறும். அந்த இலையுதிர்காலத்தில் தரையில் ஒரு விரிசல் விழுந்தது. அம்மா மூன்று முறை அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மண்ணு பூசணும் அத்தான். புகை வருது."

"ஒரு விரிசலுக்கு ஊரைக் கூட்டுவியா?" என்று சொல்லி, அவரே எண்ணெய்த்தாள் கொண்டுவந்து இரண்டு அடுக்கு ஒட்டிவிட்டுப் போனார்.

ஜனவரியில் தாள் காய்ந்து கிழிந்தது. ஹோசிக் படுத்தது சரியாக அந்த இடத்தில். அதுதான் அறையிலேயே சூடான இடம், சின்னவன் என்று அம்மா அவனை அங்கே போட்டிருந்தாள். காலையில் இரண்டு பேர்தான் எழுந்தார்கள்.

போலீஸ் வருவதற்குள் தல்சூ புதுத் தாள் ஒட்டி முடித்திருந்தார். தெருவுக்கு வேறு கதை சொன்னார்: "கரி மிச்சம் பிடிக்கறேன்னு காத்து வழிய அடைச்சு வச்சிருக்கா. பெத்த பிள்ளையையே..." மீதியைத் தெரு சொல்லிக்கொண்டது. பொதுக்குழாயடியில் அம்மா வாளி வைத்தால் மற்ற வாளிகள் நகர்ந்தன.

மல்சூன் ஊரை விட்டுப் போகவில்லை. கொத்தனாருக்குக் கலவை சுமந்தாள். தரை போடக் கற்றுக்கொண்டாள். கல்லுத்தரை போய் வெந்நீர்க்குழாய்த் தரை வந்தபோது அதையும் கற்றுக்கொண்டாள். பதினைந்து வருடத்தில், அவளுக்கு வாளி நகர்த்தியவர்கள் எல்லாம் அவள் போட்ட தரையில் முதுகைச் சுட வைத்துக்கொண்டு படுத்தார்கள். ஆனாலும் வாய் மாறவில்லை. "கைவேலை சுத்தம், ஆனா அந்தப் பிள்ளை விஷயம்..." என்பார்கள்.

ஒருநாள் தல்சூவின் மனைவியே வந்து கேட்டாள். பெரிய வீட்டைக் குழாய்த்தரையாக மாற்ற வேண்டும். அம்மா சரி என்றாள். இன்ஜுவுக்கு அப்போது இருபத்தொன்று. தொழிற்கல்லூரி லீவில் குழாய்ச் சுருளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். எல்லா அறையிலும் குழாய் இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் ஒழுங்காகப் போயிற்று. முன்னறையில், பாய்லர் பக்கத்து மூலையில், வீட்டின் மூத்தவர் மட்டுமே உட்காரும் இடத்தில், அம்மா குழாயை வளைத்துச் சுற்றிக் கொண்டுபோனாள்.

"அம்மா, இங்க விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல."

"நூத்தி இருபதுக்கு எழுபது சென்டி. தரை ஜில்லுனு இருக்கும்."

"அளந்துதான் விட்டிருக்கேன்."

அந்தச் செவ்வகத்தைச் சுற்றித் தெர்மோகோல் பட்டை நிறுத்தினாள், பக்கத்துச் சூடுகூட உள்ளே தாண்டாதபடி. கலவை கொட்டி மட்டம் தட்டினாள். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் இன்ஜுவுக்கு அந்த அளவு பிடிபட்டது. ஹோசிக்கின் மெத்தை.

அந்தக் குளிர்காலத்திலிருந்து தல்சூ சில்லிட்ட தரையில் உட்கார்ந்தார். விருந்தாளி வந்தால், "இங்க உக்காருங்க, இதான் சூடான இடம்" என்று எழுந்து இடம் கொடுப்பது வழக்கம். விருந்தாளி உட்காருவார், முகம் ஒரு மாதிரி ஆகும், மரியாதைக்காக "ஆகா" என்பார். பாய்லரை இரண்டு முறை மாற்றினார். ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்தார்கள். கடைசியில் ஒரு இளைஞன் வெப்பம் காட்டும் கேமராவோடு வந்து படத்தை நீட்டினான். சிவப்புத் தரை நடுவில் நீலச் செவ்வகம்.

"தாத்தா, இது பழுது இல்ல. யாரோ வேணும்னே விட்டிருக்காங்க. உடைச்சுடலாமா?"

உடைத்தால், யார் விட்டது, ஏன் விட்டது என்று கேள்வி வரும். தல்சூ அவனை அனுப்பிவிட்டு மேலே கம்பளி விரித்துக்கொண்டார். இடத்தை மாற்றிக்கொள்ளவும் முடியாது. மூத்தவர் இடம் அது. அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை.

இதையெல்லாம் சேரின் சின்ன வயதில் வேடிக்கைக் கதையாகச் சொன்னபோது அம்மா அரிசிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டாள். "கம்பளியா? நல்ல கம்பளியா வாங்கச் சொல்லு" என்றாள்.

மண்டபத்தில் தல்சூ சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"உங்கம்மா போன ஒம்பதாம் தேதி வீட்டுக்கு வந்துச்சு."

இன்ஜு நிமிர்ந்தாள். அம்மா அந்த வாசலை மிதித்து இருபத்தேழு வருடமாகிறது.

"சேரின் பிரசவத்துக்கு நம்ம வீட்டுலதான் இருக்கப்போறா. குழந்தைய முன்னறையில போடுவோம்னு உங்கம்மாகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. இருபத்தி நாலாம் தேதி வந்து உடைச்சுக் குழாய் போட்டுத் தரேன்னுச்சு."

"சும்மாவா?"

பேத்தி பக்கத்தில் இருக்கிறாளா என்று அவர் திரும்பிப் பார்த்தார். சேரின் செருப்பை எடுத்து வைக்க வாசலுக்குப் போயிருந்தாள்.

"முதியோர் மன்றத்துல எல்லாரும் இருக்கும்போது விரிசல் விஷயத்தைச் சொல்லணுமாம். நான், முதல்ல குழாய், அப்புறம் சொல்றேன்னேன். அது, முதல்ல சொல்லுங்க, அப்புறம் குழாய்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, செத்துப்போச்சு." கிண்ணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "நீ வந்து போட்டுக் குடும்மா. கிழவனுக்கு இல்ல. குழந்தைக்கு."

"மன்றம் காலைல பத்து மணிக்குத் திறக்கும் பெரியப்பா. இருபத்தி நாலாம் தேதி வாசல்ல வண்டியோட நிப்பேன். நீங்க உள்ள போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. பதினொரு மணிக்கு உங்க தரைய உடைக்கறேன்."

"இத்தனை வருஷத்துக்கு அப்புறம் யாருக்கும்மா அது வேணும்?"

"எனக்கு."

அடக்கம் முடிந்த மறுநாள் இன்ஜு கடையைத் திறந்தாள். நாட்காட்டியில் இருபத்து நான்கைச் சுற்றி வட்டம். 'பெரிய வீடு.' பக்கத்து ஆணியில் ஒரு குழாய்ச்சுருள், கம்பியால் கட்டி, இணைப்புத் துண்டுகளும் கோத்து. அம்மா வெட்டிய குழாயின் முனையில் நீளமும் தேதியும் எழுதுவாள். இன்ஜு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். ஒன்பது மீட்டர். நவம்பர் மூன்று.

அவள் கணக்குப் போட்டாள். அந்தச் செவ்வகத்துக்கு இருபது சென்டிமீட்டர் இடைவெளியில் நாலரை மீட்டர் போதும். ஒன்பது என்றால் இடைவெளி பத்து. இருமடங்கு நெருக்கம். வீட்டிலேயே சூடான இடமாக அதை ஆக்க நினைத்திருக்கிறாள். அவரிடம் பேசப் போனது ஒன்பதாம் தேதி. குழாயை வெட்டியது ஆறு நாள் முன்னால். அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அம்மா போயிருப்பாள்.

இன்ஜு சுருளை வண்டியில் ஏற்றினாள். உடைக்கும் மெஷினையும் ஏற்றினாள்.

இருபத்து நான்காம் தேதி பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே மன்ற வாசலில் நின்றாள். கிழவிகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். இரண்டு பேர் அந்தக் காலத்தில் வாளி நகர்த்தியவர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீட்டு கலைக்கிற சத்தம். பத்தரை. பதினொன்று. தெருமுனையில் யாரும் திரும்பவில்லை.

பதினொன்றேகாலுக்கு சேரின் போன் செய்தாள்.

"அத்தை, எப்ப வரீங்க? தாத்தா காலைலேர்ந்து கோட்டைப் போட்டுக்கிட்டு அந்த மூலைலயே உக்காந்திருக்காரு. எங்க போகப்போறாருன்னு தெரியல. முன்னறை சாமானெல்லாம் ஒதுக்கி வச்சுட்டேன்."

"சேரின், குழந்தைய முன்னறையில போடாத. சமையலறைக்குப் பக்கத்து அறை இருக்குல்ல, அதுல போடு. எங்கம்மா போட்ட தரைல அதுதான் முதல் தரம். முதல் வெந்நி அங்கதான் போற மாதிரி போட்டா."

"அப்ப முன்னறை?"

"அது அப்படியே இருக்கட்டும். தாத்தாகிட்ட மன்றம் தினமும் பத்து மணிக்குத் திறக்கும்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு."

"அது என்ன அத்தை, எனக்குப் புரியல."

"அவருக்குப் புரியும்."

அம்மா போயிருப்பாள். இன்ஜு அம்மா இல்லை.

கடைக்குத் திரும்பி மெஷினை இறக்கினாள். சுருளைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். மார்க்கரை எடுத்து, அம்மாவின் தேதிக்குக் கீழே அன்றைய தேதியை எழுதினாள்.