தெற்குத் தெரு அணியை வெறுத்த கதை

முதல் வருஷம் தெற்குத் தெரு அணி எங்கள் ஊர்க் கால்பந்துக் கோப்பையை ஜெயித்தபோது ஊரிலேயே அதிகமாகக் கை தட்டியவன் நான். அவர்கள் தோற்கடித்தது நீடாமங்கலம் ரயில்வே ஆட்களை. ரயில்வே ஆட்கள் அதுவரை எல்லாரையும் ஜெயித்தவர்கள், ஆகவே யாருக்கும் ஆகாதவர்கள். இரண்டாம் வருஷமும் தெற்குத் தெருதான். கை தட்டினேன், கொஞ்சம் மெதுவாக. மூன்றாம் வருஷம் கையைக் கட்டிக்கொண்டேன். நான்காம் வருஷம் அவர்களுக்கு எதிராக யார் ஆடினாலும் எனக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள், ரயில்வே ஆட்கள் உட்பட.

கடல் தாண்டியிருக்கும் ஏதோ ஒரு கிளப்பை என் பேரன் டி.வி.யில் பார்த்துப் பார்த்து வெறுக்கிறான். ஏன்டா என்றால், “எப்பப் பாத்தாலும் அவனுங்களே ஜெயிக்கிறானுங்க தாத்தா” என்கிறான். என்னைவிட நேர்மையானவன். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு நாங்கள் வேறு காரணம் தேடினோம்.

காரணத்துக்குப் பஞ்சமில்லாத காலம் அது. ஆட்சி மாறி மேடைக்கு மேடை அடுக்குமொழி முழங்கிக்கொண்டிருந்தது. தெற்குத் தெருவில் செங்கொடி ஏறியிருந்தது. கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். கிடைக்காதபோது அறுப்பில் இறங்க மறுத்தார்கள். எங்களுடையது நிலமுள்ள வீடு. அந்த அணியில் ஆடியவர்கள் எங்கள் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர்கள். நாள் முழுக்கச் சேற்றை மிதித்த காலும் நம் காலும் ஒன்றா, இது நியாயமான போட்டியே இல்லை என்று டீக்கடையில் வாதாடினேன். அந்தப் பயிற்சியைக் கொடுத்தது எங்கள் வயல்தான் என்பதும், அதற்கு நாங்கள் கொடுத்த கூலி போதவில்லை என்பதுதான் சண்டையே என்பதும் என் வாதத்தில் இடம்பெறவில்லை.

திமிர் என்றும் சொன்னோம். அவர்களுடைய கேப்டன் என் வயதுக்காரர். கோப்பை வாங்கும்போது துண்டை இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டிருந்தார். என்னைச் ‘சின்னய்யா’ என்பதை நிறுத்திவிட்டு ‘சார்’ என்றார். பி.ஏ. படித்தவனைச் சார் என்று கூப்பிட்டதற்காகத் தூக்கம் கெட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஐந்தாம் வருஷ இறுதி ஆட்டத்தில் எதிர் அணி நாங்கள், நிலமுள்ள வீட்டுப் பையன்கள். எங்களிடம் பூட்ஸ் இருந்தது, அவர்களிடம் ஆட்டம் இருந்தது. சம்பா அறுத்த எங்கள் வயல்தான் மைதானம். மேட்டூர் அணையை மூட இன்னும் சில நாள் இருந்ததால் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மத்தியானம், ஊர் சாப்பிட்டுக் கண்ணசந்த நேரத்தில், மண்வெட்டியோடு போய் மடையை வெட்டிவிட்டேன். மைதானம் நனைந்தால் ஆட்டம் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அவர்கள் தாளடி அறுப்புக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய்விடுவார்கள். கோப்பை எங்களுக்கு. இதைத்தான் அன்றைக்குப் படிப்பு என்று நினைத்திருந்தேன்.

ஆட்டம் தள்ளிப்போகவில்லை. பரிசு கொடுக்க வரும் எம்.எல்.ஏ. வேறு நாள் தரமாட்டார் என்று சேற்றிலேயே ஆடச் சொல்லிவிட்டார்கள். நடவு வயலில் வளர்ந்தவர்களைச் சேற்றில் இறக்கிவிட்டு நாங்கள் பூட்ஸோடு இறங்கினோம். என் இடது பூட்ஸ் ஆரம்பத்திலேயே புதைந்துபோனது. அடுத்த உழவில்தான் கிடைத்தது. பந்து தண்ணீர் குடித்துப் பூசணிக்காய் கனம் கனத்தது. அதையும் அவர்கள் காலில் ஒட்டிவைத்ததுபோல் கொண்டுபோனார்கள். ஆறு கோல். மைக்கில் வர்ணனை சொன்னவருக்கு ஐந்தாவதோடு அடுக்குமொழி தீர்ந்துவிட்டது. ஆறாவதற்கு வெறுமனே “கோல்” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மைதானத்தை அடுத்த பள்ள வயலை அந்த கேப்டன் எங்களிடம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவர் குடும்பத்தில் கூலி வேலையிலிருந்து குத்தகைக்கு ஏறிய முதல் ஆள். கதிர் நிற்கும்போதே அவர் தெளித்திருந்த உளுந்து, அறுத்த தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டிருந்தது. நான் விட்ட தண்ணீர் வரப்பைத் தாண்டிப் போய் அங்கே நின்றது. உளுந்துக்கு ஈரம் போதும், தண்ணீர் ஆகாது. மஞ்சளாகி, வேரோடு அழுகியது. அப்பா வந்து பார்த்துவிட்டு நண்டு வளை போட்டு மடை உடைந்திருக்கும் என்றார். நானும் தலையாட்டினேன். நண்டின் மேல் பழி போடுவதில் ஒரு வசதி, அது பஞ்சாயத்துக்கு வந்து மறுத்துப் பேசாது.

அந்த உளுந்தை நம்பித்தான் அவர் குத்தகையில் இறங்கியிருந்தார். கோடைக்குள் வயலை அப்பாவிடமே விட்டுவிட்டு, மனைவியோடு திருப்பனந்தாள் பக்கம் செங்கல் சூளை வேலைக்குப் போனார்.

அடுத்த வருஷம் அவரில்லாத தெற்குத் தெரு முதல் ஆட்டத்திலேயே தோற்றது. நாங்கள் சரவெடி வெடித்தோம். மறுநாள் மைதானத்தில் ஆளே இல்லை. ஊர் அத்தனை வருஷமும் திரண்டு வந்தது அவர்கள் தோற்பதைப் பார்க்கத்தான். பார்த்தாயிற்று, இனி என்ன? கொஞ்ச காலத்தில் போட்டியே நின்றுபோனது.

போன வருஷம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அவரைப் பார்த்தேன். அந்த கேட் மூடினால் ஒரு ஆயுசைப் பேசி முடிக்கலாம். அவர்தான் பைக்கின் பின்சீட்டிலிருந்து இறங்கி வந்து, “சார், என்னைத் தெரியுதுங்களா?” என்றார். வண்டி ஓட்டி வந்தது அவருடைய மகன், வெளிநாட்டில் இன்ஜினியராம். உடம்பு, மழை, முட்டிவலி எல்லாம் பேசினோம். கடைசியில் நான், “அந்த மடை...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் சார். தண்ணிய கட்டிவிட்டுட்டு அதுல பூட்ஸோட எறங்குன மூளை யாருதுன்னு எங்க தெருவே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு.” தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். “உளுந்துக்கு மட்டுந்தான் சிரிக்க முடியல.”

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எடுப்பதற்குள் கேட் திறந்துவிட்டது. அது அவ்வளவு சீக்கிரம் திறந்து நான் பார்த்ததே இல்லை.