தேய்ந்த பாகங்களில் படித்தவர்

என் அம்மா பவுனம்மாள் போன மாதம் இறந்தார். வயது எண்பத்தொன்று. காரியத்தன்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அன்று சொல்லாததை எழுதுகிறேன்.

1979இல் எங்கள் வீடு மலேசியாவில் பந்திங்கை அடுத்த ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இருந்தது. அப்பா சின்னையா தோட்டப் பட்டறையில் ஸ்டோர் ஆள். லேண்ட்ரோவர்களுக்கு வேண்டிய பாகங்களை எடுத்துக் கொடுப்பார், ரிப்பேருக்குக் கைகொடுப்பார். அந்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார். தோட்ட வீடு வேலையோடு சேர்ந்தது. அம்மா காண்ட்ராக்டில் களைக்கு மருந்தடித்தவர். தோட்டப் பதிவில் பெயர் இல்லை. அப்பாவின் வேலையை எங்களில் ஒருவர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

நான் கிள்ளானில் தங்கி மோட்டார் மெக்கானிக் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

“நீ படி. ஸ்டோருக்கு நான் போறேன்,” என்றார் அம்மா.

அம்மா போய்க் கேட்டபோது தோட்டக் கணக்கர் ராதாகிருஷ்ணன் கிராணி சிரிக்கவில்லை. “ரெண்டு மாசம் டைம் தரேன், பவுனம்மா. அஞ்சு சாமான் மேசையில வைப்பேன். பேரு சொல்லணும், எங்க மாட்டுறதுன்னு சொல்லணும். நாலு சரியா இருந்தா வேலை.”

ஸ்டோர் சாவி அவரிடம் இருந்தது. ஆகவே பட்டறைக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்புக் குவியலில் ஞாயிறுதோறும் பாடம் நடத்தினேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விரலால் படித்தார். முன்சக்கரம் திரும்பும் மூட்டில் ஓர் இரும்பு உருண்டை உண்டு. சேறு புகுந்து பூச்சு உரிந்து, அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவார்.

ஒருநாள் ஷாஃப்ட் மூட்டு ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன். உள்ளே ஊசி ஊசியாக பேரிங் துண்டுகள். கிரீஸ் தடவி ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தார். பட்டறை மெக்கானிக் கன்னையா எட்டிப் பார்த்தார்.

“என்னாக்கா, முறுக்கு சுத்துறீங்களா?”

“முறுக்கு ஒடஞ்சா திங்கலாம். இது ஒடஞ்சா நீதான் சேத்துல வண்டி தள்ளணும். போ லா.”

அந்த மூட்டை கன்னையா வண்டியில் மாட்டினார். ஓடியது.

சோதனை நாளில் கிராணி ஐந்து பொட்டலங்களை மேசையில் வைத்து மெழுகுத்தாளைப் பிரித்தார். எல்லாம் புதியவை.

முதலில் பிரேக் ஷூ. அம்மாவுக்குத் தெரிந்த ஷூவில் லைனிங் தேய்ந்து இரும்பு பல்லிளிக்கும். இது தடியாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் வரவில்லை. அடுத்த இரண்டைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். நாலாவது அந்த உருண்டை. வெள்ளிப் பாத்திரம்போல் மின்னியது. அம்மாவின் முகம் அதில் தெரிந்தது. தொட்டார். குழி இல்லை.

“ஐயா, இது நம்ம வண்டியோடது இல்லையே.”

நான் வாயைத் திறந்தேன். “விஜயன், நீ பேசக்கூடாது,” என்றார் கிராணி.

“பழசக் குடுங்கய்யா, சொல்லிடுறேன்.”

“ஸ்டோர்ல இருக்கறது எல்லாம் புதுசுதானே, பவுனம்மா.”

அவர் சொன்னதில் தவறில்லை. இரண்டு தவறிவிட்டதால் ஐந்தாவதைக் கேட்காமலே பிரித்த தாளில் மடித்து வைத்துவிட்டார்.

அப்போதும் என் படிப்பை நிறுத்த அம்மா விடவில்லை. வீட்டைக் காலி செய்து, மேரு என்ற ஊரில் ஓர் அறைக்குச் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அம்மா பதினான்கு வருடம் அங்கே கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்தார். என்மேல் குறை சொன்னதில்லை. லோரியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “புதுசு அவ்ளோ அழகா இருக்குமாப்பா?”

ஸ்டோர் பூட்டியிருந்தது, நான் என்ன செய்திருக்க முடியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கிள்ளானில் பந்திங் பஸ் ஏறும் இடத்தில் ஓர் உதிரிபாகக் கடை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் புதுப் பாகங்கள் வரிசையாக இருக்கும். அந்த இரண்டு மாதமும், சனிக்கிழமைதோறும், அந்தக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டுதான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்.