ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீர்

கொதித்து நின்ற காரின் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். சூடேறிய ரப்பரும் துருத்தண்ணீரும் கலந்து தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். சாலையோரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது நின்றால், இன்றைக்கும் நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போய்விடுவேன். ஈரமில்லாத ஜென்மம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் விளாத்திகுளத்துக்கு மேற்கே, மிளகாயும் பருத்தியும் மழையை நம்பி நிற்கிற கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. என் சிறுவயதில் கல்யாணம், கருமாதி, பிரசவம் எல்லாவற்றுக்கும் ஊருக்கே ஒரே "பிளசரு" அப்பாவின் பழைய அம்பாசிடர்தான். காலையில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, பெல்ட்டை விரலால் அமுக்கி, நாலு டயரையும் தட்டிப் பார்க்காமல் அவர் சாவியைத் தொட்டதில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் என் வேலை.

எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. தெருக்குழாயில் வருவது "உப்புத்தண்ணி", குளிக்கவும் துவைக்கவும். குடிக்கவும் சமைக்கவும் "நல்ல தண்ணி", அதற்கு அரை மைல் தள்ளி இருந்த கிணற்றுக்கு நடக்க வேண்டும். வண்டிக்கும் நல்ல தண்ணிதான் என்பது அப்பாவின் கண்டிப்பு. "மனுசனுக்கே இல்லாத தண்ணிய இந்த இரும்பு கேக்குது" என்று அம்மா முணுமுணுப்பாள். வீட்டுக்கு இரண்டு நடை சுமந்த பிறகு, மூன்றாவது நடையாக வண்டிக்கு ஒரு கேன் கொண்டுவருவேன்.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, காலில் முள் குத்திய ஒருநாள் அந்த மூன்றாவது நடையை நான் நடக்கவில்லை. தெருக்குழாயில் கேனைப் பிடித்து ஊற்றிவிட்டேன். வண்டி ஓடியது. மறுநாளும் அப்படியே செய்தேன், அன்றும் ஓடியது. கால் ஆறிய பிறகும் நான் கிணற்றுக்குப் போகவில்லை. அப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

உப்பு உடனே காட்டிக்கொடுக்காது. மூடியின் விளிம்பில் மட்டும் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அதைத் தினமும் பாவாடை நுனியால் துடைத்துவிடுவேன். பிறகு சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்ட ஆரம்பித்தது, மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்தது. அப்பா கவனிக்காமல் இல்லை. "கல்யாணச் சீசன் முடியட்டும், ரேடியேட்டரக் கழட்டிச் சுத்தம் பண்ணிருவோம்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அடி விழும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், பருத்தி எடுக்கப் போயிருந்த பேச்சி அத்தையை விரியன் கடித்துவிட்டது. அத்தை எங்கள் பக்கத்து வீடு. அவள் புருஷன் சீனி மாமாவும் அப்பாவும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள். மாமா அத்தையைத் தூக்கிவந்து பின்சீட்டில் மடியில் கிடத்திக்கொண்டார். "ஏட்டி, கேனை எடுத்துட்டு முன்னால ஏறு" என்றார் அப்பா. பாம்புக்கடி ஊசிக்கு அன்று கோவில்பட்டிக்குத்தான் போக வேண்டும்.

எட்டயபுரம் எட்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டு, பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. வண்டி ஆறாமல் மூடியைத் திறக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற அப்பா, சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு உடனே திறந்தார். கொதிதண்ணீர் பீறிட்டு வலது கை முழங்கை வரைக்கும் வெந்தது. அந்தக் கையோடேயே கேனைத் தூக்கிப் பச்சைத்தண்ணீரை ஊற்றினார். எஞ்சினுக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, வண்டி அதோடு சரி.

அத்தை தண்ணீர் கேட்டாள். கேனில் மிச்சமிருந்ததை அப்பா வேகாத கையில் ஏந்திக் கொடுத்தார். ஒரு வாய் உறிஞ்சியவள், "உப்பு கரிக்கி அண்ணே" என்று துப்பிவிட்டாள். அப்பா கையை நக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமாவும் என்னைப் பார்த்தார்.

மிளகாய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அத்தைக்கு உயிரில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வந்த பிறகு மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி, சுண்ணாம்பாக அடைத்துக்கிடந்த குழாய்களைத் தெருவிலேயே வைத்துக் காட்டினார். "உப்புத்தண்ணி ஊத்தியிருக்கீங்க அண்ணாச்சி." ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "எம்மவ தினமும் நல்ல தண்ணிதான் சுமந்து ஊத்துறா. நாந்தான் வண்டியக் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார் அப்பா. கூட்டத்தில் நின்ற சீனி மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

ஊர் அப்பாவைத்தான் பேசியது. சொந்த அண்ணனாக நினைத்து ஏறியவளைக் கொன்றுவிட்டான் என்றுகூடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. மாமா எங்கள் வீட்டுப் படியேறவில்லை, எதிரே வந்தாலும் விலகிப் போய்விடுவார். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது ஊருக்குக் குழாயில் ஆற்றுத்தண்ணீர் வருகிறது. உப்புக்குழாயைப் பிடுங்கிவிட்டார்கள், கிணற்றைச் சுற்றிச் சீமைக்கருவேலம் மண்டிவிட்டது. என் காருக்குக் கடையில் வாங்குகிற பச்சைக் கூலன்ட்தான். வாரம் தவறாமல், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு திறந்து பார்க்கிறேன். நான் பார்ப்பதைப் பார்த்து என் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

போன வருஷம் அப்பா இறந்தபோது, முப்பது வருஷத்துக்குப் பிறகு சீனி மாமா எங்கள் வீட்டுக்குள் வந்தார். எல்லோரும் சுடுகாட்டிலிருந்து திரும்பிய பின் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மாமா, அன்னைக்கு நான்தான்..." என்று ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"தெரியும் தாயி. நான் ஒங்கப்பங்கூடப் பேச்ச நிறுத்துனது கோவத்துல இல்ல. பழையபடி ஒக்காந்து பேசுனா, என்னைக்காவது ஒரு நாள் ஒன் பேரு என் வாயில வந்துரும். அவன் அதத் தாங்க மாட்டான்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒனக்குக் கல்யாணம் ஆயி, பிள்ளைக பொறந்த பெறவாவது பேசிருவோம்னு நெனச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். இப்ப எரிச்சுட்டு வந்து ஒக்காந்திருக்கேன்."